எது ஆளை விடாமல் பிடிக்கும்: சாராயமா, சிகரெட்டா, கஞ்சாவா, ஊசியா?

நூல்மில்_ஈரோடு:
மூன்று நாளாக எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. தம்பிக்கு 19 வயது, கல்லூரி இரண்டாம் வருடம். துவைக்கப் போட்ட அவன் பேன்ட் பையிலிருந்து கஞ்சாப் பொட்டலம் ஒன்று அம்மா கையில் சிக்கிவிட்டது. அப்பா அடிக்கப் போனார். அவன் நகரவே இல்லை. "நீங்க தினமும் ஒரு குவார்ட்டர் அடிக்கிறீங்களே, அது மட்டும் என்னப்பா?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டான். "நான் கவர்மென்ட் கடையில காசு குடுத்து வாங்குறேன்டா, நீ எங்க வாங்கினே, அதைச் சொல்லு" என்றார் அப்பா. அதோடு நின்ற பேச்சுதான்.

சட்டம் எதை விடுகிறது, எதைப் பிடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒருவரைப் பிடித்தால் விடாமல் வைத்திருப்பது எது என்பதுதான் என் கேள்வி. அதைப் பார்த்துத்தான் சட்டம் கோடு போட்டதா? அறிவுரை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேரிடமும் பேச என் கையில் ஏதாவது வேண்டும்.

மலையடிவாரம்:
கஞ்சா ஒரு செடி, அவ்வளவுதான். சாமியார்கள் காலங்காலமாகப் புகைக்கிறார்கள். அதில் அடிமையாவது என்று ஒன்று கிடையாது, வேண்டாம் என்றால் நாளைக்கே விட்டுவிடலாம். சாராயம் குடும்பத்தையே அழிக்கும். உங்கள் தம்பி கேட்டதில் தப்பில்லை.

கல்லுக்கட்டு:
இதில் விவாதமே தேவையில்லை, ஹெராயின்தான் முதலிடம். ஒருமுறை ஊசி ஏறினால் அந்த ஆள் முடிந்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கணக்கு_டீச்சர்:
கல்லுக்கட்டு, "ஒருமுறை ஏறினால் முடிந்தான்" என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பொருளை ஒருமுறையாவது தொட்டவர்களில் எத்தனை பேர் அதற்கு அடிமையானார்கள் என்று பார்த்தார்கள். புகையிலைக்கு 32 சதவீதம், ஹெராயினுக்கு 23, கொக்கெய்னுக்கு 17, மதுவுக்கு 15, கஞ்சாவுக்கு 9. பெட்டிக்கடையில் பற்றவைக்கக் கயிற்றில் நெருப்பும் தொங்கவிட்டு விற்கிற சிகரெட்தான் பட்டியலில் முதலில் நிற்கிறது. மலையடிவாரம், கஞ்சாவுக்கு 9 என்பது பூஜ்யம் இல்லை, அதையும் பாருங்கள். தொட்டவர்களில் பதினொரு பேருக்கு ஒருவர். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்கிறார்கள். தினமும் புகைப்பவர்களை மட்டும் எடுத்தால் நான்கில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை போகிறது. 19 வயதுப் பையன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த "தினமும்"தான். வாரம் எத்தனை நாள் என்று அவனிடம் கேட்டீர்களா?

டெல்டாக்காரன்:
டீச்சர், அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டால் வீட்டில் இருப்பவர்தான் பதில் சொல்வார். ஹெராயினில் செத்துப்போனவர், ஜெயிலில் இருப்பவர், நடைபாதையில் கிடப்பவர் யாரும் அந்த 23க்குள் வரமாட்டார்கள். உண்மை இன்னும் மோசமாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், 2011இல் அமெரிக்காவிலேயே வேறொரு ஆய்வு வந்தது. அது வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து மதிப்பிட்டது. அதில் நிகோடினுக்கு 67.5 சதவீதம், மதுவுக்கு 22.7, கொக்கெய்னுக்கு 20.9, கஞ்சாவுக்கு 8.9. கேட்கும் விதத்தை மாற்றினால் புகையிலையின் எண் இரண்டு மடங்காகிறது. ஆனால் இங்கே சொன்ன பொருள்களில், இரண்டு ஆய்விலும் புகையிலைதான் முதலில், கஞ்சாதான் கடைசியில்.

கல்லுக்கட்டு:
சரி, எண் இருக்கட்டும். சிகரெட்டுக்காக யாரும் அம்மா தாலியைத் திருடுவதில்லையே. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

கணக்கு_டீச்சர்:
நல்ல கேள்வி. அது எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்ற கணக்கு இல்லை, மாட்டியவரை எவ்வளவு இறுக்குகிறது என்ற கணக்கு. பிரிட்டனில் டேவிட் நட் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2007இல் லான்செட் மருத்துவ இதழில் 20 பொருள்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். தருகிற இன்பம், மனம் ஒட்டிக்கொள்வது, உடம்பு ஒட்டிக்கொள்வது மூன்றையும் சேர்த்து அடிமையாக்கும் தன்மைக்கு 3க்கு எத்தனை என்று. ஹெராயினுக்கு முழுசாக 3. கொக்கெய்ன் 2.39, புகையிலை 2.21, மது 1.93, கஞ்சா 1.51. இந்த வகையில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் ஹெராயினுக்கும் மதுவுக்கும் நடுவில் புகையிலை உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

அதே நட் வேறு சிலரோடு சேர்ந்து 2010இல் செய்த இன்னொரு ஒப்பீடு, பயன்படுத்துபவருக்கு வரும் கேட்டோடு சுற்றியிருப்பவர்களுக்கு வரும் கேட்டையும் சேர்த்துப் பார்த்தது. அதில் 100க்கு 72 வாங்கி மது முதலில் வந்தது, ஹெராயின் 55. இதை எடுத்துக்கொண்டு "மதுதான் அதிகம் அடிமையாக்கும்" என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அந்த 72 கேட்டின் கணக்கு. தட்டுப்படும் இடமெல்லாம் கிடைப்பதால் அது பெருகுகிறது.

இரவுப்பணி:
நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். மதிப்பெண் பட்டியல் எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன். நூல்மில் தம்பி, நீங்கள் அப்பாவுக்காக இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து ஒரு கொத்தனார் வந்தார். கட்டுப் போட்டு எலும்பு வார்டில் படுக்க வைத்தோம். குடிப்பாரா என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார். இரண்டாம் நாள் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது, நெஞ்சுவரை வேர்த்து ஊற்றியது. வலியால் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நான் ரவுண்ட்ஸ் போகும்போது எழுந்து உட்கார்ந்து போர்வையின் மேல் உள்ளங்கையால் பூசிக்கொண்டிருந்தார். அப்படியே கரணை பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, மட்டம் பார்த்து, ஓரத்தை வழித்து விடுகிறார். "கலவை கொண்டா, காயுது பாரு" என்று என்னைச் சித்தாள் என்று நினைத்துச் சத்தம் போட்டார். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு முறிந்த காலோடு கீழே இறங்கப் பார்த்தார். நான்கு பேர் பிடித்தும் நிற்கவில்லை. ஐசியுவுக்கு மாற்றி ஐந்து நாள் கழித்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வந்து சேர்ந்த இடம் ஆஸ்பத்திரியாக இருந்ததால் பிழைத்தார்.

தினமும் நிறையக் குடிக்கும் ஒருவர் சட்டென்று நிறுத்தினால் நடப்பது இதுதான். சாராயம் மூளையை அமுக்குகிறது, மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. அமுக்கிய கை திடீரென்று விலகினால் முடுக்கியது எல்லாம் அவிழ்ந்து ஓடும். ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தப் பிதற்றல். எல்லோருக்கும் இவ்வளவு தூரம் போகாது, ஆனால் போனவர் வைத்தியம் இல்லாவிட்டால் சாகலாம்.

ஊசி போட்டுக்கொண்டிருந்த பையன்களையும் பார்த்திருக்கிறேன். ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகும், கோழித்தோல் மாதிரி மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் வலி, படுக்கையில் காலை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். "அக்கா, நான் செத்துடுவேன்" என்று அழுவார்கள். அதனால் சாவது அபூர்வம், ஒரு வாரத்தில் உடம்பு தணியும். அவர்களுக்கு ஆபத்து வெளியே போன பிறகுதான். உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், இவர்கள் மறக்காமல் அதே அளவை ஏற்றிக்கொள்வார்கள், மூச்சு நின்றுவிடும்.

உங்கள் அப்பா எத்தனை வருடமாகக் குடிக்கிறார்? காலையில் கை நடுங்குகிறதா?

நூல்மில்_ஈரோடு:
18 வருடம் இருக்கும் அக்கா. ராத்திரி மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். இப்போது நீங்கள் கேட்டபிறகு யோசித்துப் பார்க்கிறேன். காலையில் சவரம் செய்வதை அவர் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது, கடையில்தான் செய்துகொள்கிறார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். சூட்டுக்காக என்று நினைத்தேன்.

நேற்று ராத்திரி தம்பி அவரிடம் பந்தயம் போட்டிருக்கிறான். "நான் விட்டுடுறேன், நீங்களும் நாளையிலேருந்து விடுங்க பார்க்கலாம்" என்று. அப்பாவும் "சரிடா" என்றிருக்கிறார்.

இரவுப்பணி:
அந்தப் பந்தயத்தை இப்போதே நிறுத்துங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீத சரக்கு என்றால் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராமுக்குக் குறையாது. 18 வருடம் தினமும். வீம்புக்காக வீட்டில் நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால் மாத்திரை கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக இறக்குவார்கள், பி1 ஊசியும் போடுவார்கள். உங்கள் தம்பி சட்டென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசி செத்துப்போவது, கண்ட கனவு, இரண்டு வாரம் சிடுசிடு. அவ்வளவுதான், உயிருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில் ஓட முடியாது.

சாயப்பட்டறை:
நான் குடியை 2014இல் விட்டேன். பீடியை விட இன்னும் 9 வருடம் ஆனது. இரண்டையும் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விடுவதற்குக் கஷ்டம் பீடிதான். குடியை நிறுத்திய வாரம் நரகம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அப்புறம் அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். பீடி அப்படி இல்லை. டீ குடித்தால் பீடி, சாப்பிட்டால் பீடி, கக்கூஸ் போக பீடி, முதலாளி திட்டினால் பீடி. ஒரு மழை ராத்திரி, கட்டு தீர்ந்துவிட்டது, கடை எதுவும் இல்லை. வாசலில் நானே மிதித்துப் போட்ட துண்டுகளை டார்ச் அடித்துப் பொறுக்கினேன். எல்லாம் ஈரம். அதைத் தோசைக்கல்லில் வாட்டிப் பற்றவைத்தேன். மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் பேசவில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்த நாள்களில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக்கு 20, ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்றால் 200. வருடத்துக்கு 73,000 முறை. வேறு எந்தப் போதையும் மூளைக்கு அத்தனை முறை பாடம் நடத்தாது.

மருந்துக்கடை:
சாயப்பட்டறை அண்ணன் சொன்னதோடு வேகத்தையும் சேர்க்க வேண்டும். இழுத்த புகையிலிருந்து நிகோடின் 10 முதல் 20 வினாடிக்குள் மூளைக்குப் போய்விடும். அதே நிகோடின் தோலில் ஒட்டும் பட்டையில் மணிக்கணக்காக மெதுவாக இறங்குகிறது, அதற்கு அடிமையாவது மிக அபூர்வம். கொக்கெய்ன் எடுக்கிற கோகா இலையைத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் நாள் முழுக்க மென்றுகொண்டே வேலை செய்கிறார்கள். அதிலிருந்து கொக்கெய்ன் பொடி எடுத்து மூக்கில் இழுத்தால் வேறு கதை, அந்தப் பொடியைக் கிராக் என்ற கட்டியாக்கிப் புகைத்தால் முற்றிலும் வேறு கதை. உள்ளே இருப்பது ஒரே பொருள்தான். அதனால் பொருளின் பெயரை மட்டும் வைத்து வரிசை போட்டால் பாதிதான் சரியாக இருக்கும், எந்த வழியாக உள்ளே போகிறது என்றும் கேட்க வேண்டும்.

இது மாத்திரைக்கும் பொருந்தும். டேபென்டடால் வலி மாத்திரை, டாக்டர் சீட்டோடு சட்டப்படி விற்பது. அதைப் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் கலந்திருக்கும் சுண்ணம் மாதிரிப் பொருளும் ரத்தக்குழாயில் போகிறது, ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்ஐவியும் கூடவே வருகிறது. சீட்டு இல்லாமல் கேட்டு வருகிற முகங்களைக் கடையில் நின்றால் பழகிப்போகும், முழுக்கைச் சட்டை, வெயில் காலத்திலும். தூக்க மாத்திரைக்கு வருபவர்கள் வேறு மாதிரி. மரியாதையான பெரியவர்கள், மூன்று வருடம் முன்பு எழுதிய சீட்டை மடித்து மடித்துக் கிழியும் அளவுக்கு வைத்திருப்பார்கள். அந்த அல்பிரஸோலம் வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் செவிலியர் அக்கா சொன்ன அதே வலிப்பு வரும். அவர்களை யாரும் போதை அடிமை என்று சொல்வதில்லை.

பனைவடலி:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் முந்தி கசிப்பு எண்ட கள்ளச்சாராயமும் கேரளக் கஞ்சாவும்தான் கதை. இப்ப ஐஸ் எண்ட மெத்தாம்பெட்டமின் வந்திட்டுது. என்ர ஒன்றுவிட்ட தம்பி மூன்று நாள் நித்திரை கொள்ளாமல் இருந்து, பழைய ரேடியோ ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தவன். நாலாம் நாள் விழுந்து படுத்தால் எழும்பவே இல்லை, எழும்பினதும் யன்னலால ஆரோ பாக்கினம் எண்டு சீலை கட்டி மூடினவன். ஊசியை விட்டாக்களுக்கு மெதடோன், பியுபிரனோர்பின் எண்டு மாத்து மருந்து இருக்கு. ஐஸுக்கு அப்பிடி ஒண்டும் கையில இல்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர், கதைச்சுக் கதைச்சுத்தான் மீட்க வேணும். எது கூடப் பிடிக்கும் எண்டு கேக்கிற ஆக்கள், பிடிச்சால் வெளியில எடுக்க என்ன வழி இருக்கெண்டும் சேர்த்துப் பாருங்கோ.

மலையடிவாரம்:
"அடிமையாவது என்று ஒன்று கிடையாது" என்று நான் எழுதியது தவறு, வாபஸ் வாங்குகிறேன். இரண்டு வாரம் சிடுசிடு என்று அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் நிறுத்தியபோது சரியாக அதுதான் வந்தது, விடிய விடியக் கனவு. வேலை டென்ஷன் என்று நினைத்துத் திரும்பத் தொடங்கிவிட்டேன்.

டெல்டாக்காரன்:
சட்டம் அதைப் பார்த்துத்தான் கோடு போட்டதா என்று நூல்மில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இல்லை என்பதுதான் என் பதில். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடியின் பூவும் பிசினும் குற்றம், இலை மட்டும் தனியாக இருந்தால் அந்த விளக்கத்துக்குள் வராது, அதனால்தான் வடக்கே அந்த இலையை அரைத்த பாங் விற்கும் கடை நடக்கிறது. நிகோடினை எடுங்கள். சிகரெட் விற்கலாம், குட்காவுக்கு 2013இல் தமிழ்நாட்டில் தடை, இ-சிகரெட்டுக்கு 2019இல் நாடு முழுக்கத் தடை. உள்ளே இருப்பது அதே நிகோடின். மதுவுக்கு 1937இல் சேலத்தில் ராஜாஜி தடை போட்டார், 1971இல் தடை தளர்ந்தது, 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையே அரசு நடத்துகிறது. சாராயம் இந்த வருடங்களில் மாறவில்லை, கோடுதான் இடம் மாறியது.

அதற்காகச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். எது எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பதை அது மாற்றுகிறது, அது பெரிய விஷயம். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் மாதிரியான பொருளுக்கு அடிமையாகி இருந்தேன் என்று சொன்னார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்பவர் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே அடிமையானவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான், மூன்று வருடத்திலும் 12. அங்கே மலிவாகச் சுத்தமாகக் கையருகே கிடைத்தது, இங்கே வீடு, வேலை, அம்மா. சாயப்பட்டறை "கடைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்" என்றாரே, அதே சங்கதி. நம் ஊரில் குடிகாரர் எந்த வியட்நாமிலிருந்து எந்த ஊருக்குத் திரும்புவது? பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில் குடிப்பவர்கள் 16 கோடி, அதில் அடிமை நிலையில் 2.9 கோடி. கஞ்சா, பாங் எல்லாம் சேர்த்துப் பயன்படுத்துபவர்களே 3.1 கோடிதான்.

கல்லுக்கட்டு:
நான் தினமும் ஏழு டீ குடிக்கிறேன், அதுவும் இதில் சேர்த்தியா?

கணக்கு_டீச்சர்:
நிறுத்தினால் தலைவலி வரும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். வலி உண்மைதான். ஆனால் டீக்காக யாரும் நனைந்த துண்டைப் பொறுக்கி வாட்டுவதில்லை.

நூல்மில்_ஈரோடு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவுக்கு இரவுப்பணி அக்கா எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன், கொத்தனார் கதையை. தம்பியும் இருந்தான். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், போன வருடம் டைபாய்டு வந்து மூன்று நாள் படுத்திருந்தாரே, அப்போது சுவரெல்லாம் பூரான் ஊர்வதைப் பார்த்தாராம். ராத்திரி பூராவும் காலை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். காய்ச்சல் விட்டதும் தானாகப் போய்விட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கே இப்போதுதான் தெரியும். காய்ச்சல் விட்ட அன்று சாயந்திரம்தான் அவர் கடைக்குப் போனது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

தம்பியிடம் வாரம் எத்தனை நாள் என்று கேட்டேன் டீச்சர். முதலில் இரண்டு என்றான். அப்பா பூரான் கதை சொன்ன பிறகு, "ஆறு நாள்" என்றான்.

திங்கட்கிழமை அப்பாவை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். தம்பி தானும் வருகிறேன் என்கிறான், யாரும் கூப்பிடவில்லை. என்ன எடுத்துப் போக வேண்டும் அக்கா?

இரவுப்பணி:
வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அட்டையோடு எடுத்து வாருங்கள். பூரான் பார்த்ததைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு குடிப்பார் என்று கேட்கும்போது அம்மா எதிரில் பாதியாகக் குறைத்துச் சொல்லிவிடுவார், எல்லோரும் அப்படித்தான், மருந்தின் அளவே அதை வைத்துத்தான். திங்கள்வரை வீட்டில் யாரும் பாட்டிலை ஒளித்து வைக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். அதற்குள் வலிப்போ பிதற்றலோ வந்தால் திங்கள்வரை காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். ராத்திரி என்றாலும் பரவாயில்லை. தம்பிக்கும் ஓபி சீட்டு தனியாகப் போடுங்கள், அப்பாவோடு சேர்த்து ஒரே அறையில் பேசவிடாதீர்கள்.

நூல்மில்_ஈரோடு:
சரி அக்கா. ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். அப்பா சவரம் செய்துகொண்டு வருவதாகச் சொல்லிக் கடைக்குப் போயிருக்கிறார், தம்பி கூடப் போயிருக்கிறான்.